ஓடை நீரில் மின்சாரம்: மெஷின் வாங்கும் முன் ஒர்க் ஷீட்டில் ஓட்டிப் பாருங்கள்!

"புதிய கம்ப்யூட்டர் வாங்கி 20 நாள்தான் ஆகிறது. சரியாக 13 நிமிடம் ஓடுகிறது. பிறகு யு.பி.எஸ். அலறத் தொடங்குகிறது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் நின்று விடுகிறது. வைரஸாக இருக்குமா?"

மேற்குத் தொடர்ச்சி மலையில் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ஒரு மார்ச் மாதத்தில் போனில் கேட்ட கேள்வி இது. வழக்கமான யோசனைகள் எல்லாம் சொன்னேன். ஆன்டி வைரஸ் புரோகிராமை அப்டேட் செய்து ஸ்கேன் செய்தார். ரேம் சிப்பைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பலன் இல்லை. கடைசியில்தான் முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "உங்களுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது?"

"நம்ம ஓடையில் இருந்துதான்" என்றார்.

நேரில் போய்ப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அவர் தோட்டத்தின் ஓரமாக ஓர் ஓடை ஓடுகிறது. முந்தைய ஆண்டு ஜூலை மாதம் அது பொங்கி ஓடியதைப் பார்த்து, 3 கிலோவாட் தரும் டர்பைன் செட் ஒன்றை வாங்கிப் பொருத்தி விட்டார். அந்த மெஷினுக்கு நொடிக்கு 30 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஜூலையில் அவ்வளவு வந்தது. மார்ச்சில் வந்தது நொடிக்கு 4 லிட்டர்தான். எனவே 20,000 லிட்டர் பிடிக்கும் பாசனத் தொட்டியில் தண்ணீரைத் தேக்கி வைத்து, நிறைந்தவுடன் திறந்து விடுகிறார். தொட்டியில் இருந்து நொடிக்கு 30 லிட்டர் போகிறது. 4 லிட்டர் வருகிறது. ஆக 13 நிமிடத்தில் தொட்டி காலி. மறுபடி நிறைய 83 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறும் இல்லை. வைரஸும் இல்லை. கணக்கில்தான் கோளாறு.

வருத்தம் என்னவென்றால், அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டக் கூடிய புரோகிராம் அவருடைய கம்ப்யூட்டரிலேயே இருந்தது. மலைப் பகுதியில் ஓடைக்கு அருகில் வசிக்கும் வாசகர்கள் யாரேனும் இப்படி ஒரு திட்டத்தில் இருந்தால், பணத்தை எடுப்பதற்கு முன் இந்தக் கட்டுரையைப் படித்து, ஒரு ஒர்க் ஷீட் தயார் செய்து பாருங்கள். மலையும் ஓடையும் இல்லாதவர்கள் ஒர்க் ஷீட் பழகிக் கொள்ளப் படிக்கலாம்.

சிறிய அளவில் இது சாத்தியமா?

தாராளமாக. நீர் மின்சாரம் என்றாலே பெரிய அணைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்தியாவின் முதல் நீர் மின் நிலையம் என்று சொல்லப்படும் டார்ஜிலிங் அருகிலுள்ள சித்ராபோங் நிலையமே 1897ல் 130 கிலோவாட் அளவில்தான் தொடங்கியது. இன்று நம் நாட்டில் 25 மெகாவாட் வரை உள்ள நிலையங்கள் சிறிய நீர் மின் நிலையங்கள் என்றும், அவற்றில் 100 கிலோவாட் வரை உள்ளவை மைக்ரோ என்றும் வகைப்படுத்தப்படுகின்றன. 5 கிலோவாட்டுக்கும் குறைவானவற்றைப் பொதுவாக பிகோ ஹைட்ரோ என்பார்கள். வீட்டுக்கு நமக்குத் தேவையானது இந்தக் கடைசி வகை. கர்நாடகத்தின் மலநாட்டுப் பகுதியில் பாக்குத் தோட்ட வீடுகள் பலவற்றில், சுமார் 1 கிலோவாட் அளவிலான இப்படிப்பட்ட மெஷின்கள் இயங்கி வந்துள்ளன.

இதற்கு அணை தேவையில்லை. ஓடையின் மேல் பகுதியில் கொஞ்சம் தண்ணீரைத் திருப்பி, குழாய் வழியாகக் கீழே கொண்டு வந்து, டர்பைனைச் சுற்ற வைத்து, மீண்டும் அதே ஓடையில் விட்டு விடுகிறோம். தண்ணீர் செலவாவதில்லை.

ஒரே ஒரு பார்முலா

எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்பதை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன. தண்ணீர் எவ்வளவு உயரத்தில் இருந்து இறங்குகிறது? நொடிக்கு எத்தனை லிட்டர் வருகிறது? இவ்விரண்டையும் பெருக்கி, அதனைப் புவியீர்ப்புக்கான 9.81 என்ற எண்ணால் பெருக்கினால் தண்ணீரில் உள்ள சக்தி வாட் கணக்கில் கிடைக்கும். அது முழுவதும் நமக்குக் கிடைக்காது. டர்பைனிலும் ஜெனரேட்டரிலும் வீணாவது போக, சிறிய மெஷின்களில் பாதி கிடைத்தால் நல்லது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இதனை ஒர்க் ஷீட்டில் அமைக்கலாம். எக்ஸெல் இருந்தால் அதில் செய்யலாம். இல்லை என்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமும் போதும். புதிய ஒர்க் ஷீட்டைத் திறந்து கொள்ளுங்கள். இடது ஓரத்தில் உள்ள ஏ வரிசையில் பெயர்களையும், அடுத்த பி வரிசையில் எண்களையும் கீழ்க்கண்டவாறு டைப் செய்திடுங்கள்.

1. ஏ1ல் "உயரம் (மீட்டர்)"; பி1ல் 20
2. ஏ2ல் "குழாய் இழப்பு (மீட்டர்)", பி2ல் 0
3. ஏ3ல் "நீர் (நொடிக்கு லிட்டர்)", பி3ல் 5
4. ஏ4ல் "திறன்", பி4ல் 0.5
5. ஏ5ல் "வாட்"; பி5ல் =(பி1-பி2)*பி3*9.81*பி4
6. ஏ6ல் "ஒரு நாளைக்கு யூனிட்"; பி6ல் =பி5*24/1000

பார்முலாவில் பி என்று இருக்கும் இடங்களில் அந்த ஆங்கில எழுத்தை டைப் செய்து என்டர் தட்டுங்கள். முதலில் சமக்குறி போட மறக்க வேண்டாம். அது இல்லை என்றால் புரோகிராம் அதனைப் பார்முலா என்று எடுத்துக் கொள்ளாது.

பி5ல் 490.5 என்றும், பி6ல் 11.772 என்றும் வந்து விட்டதா? சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

490 வாட் என்பது ஒரு மிக்ஸிக்குக் கூடப் போதாதே என்று நினைக்கலாம். இங்குதான் பலர் ஏமாந்து பெரிய மெஷின் பக்கம் போகிறார்கள். ஓடை இரவும் பகலும் ஓடுகிறது. எனவே ஒரு நாளைக்கு 11 யூனிட்டுக்கு மேல் கிடைக்கிறது. 1 கிலோவாட் சோலார் பேனல் நம் பகுதியில் நல்ல வெயிலில் ஒரு நாளைக்குத் தருவது ஏறத்தாழ 4 யூனிட்தான். சிறிய மெஷின் என்று இளக்காரமாக எண்ண வேண்டாம்.

உயரத்தை அளப்பது எப்படி?

மொபைல் போனில் உயரம் காட்டும் அப்ளிகேஷன்கள் இருக்கின்றன. கூகுள் எர்த் தளத்திலும் கர்சரைக் கொண்டு சென்றால் உயரம் காட்டப்படுகிறது. குழாய் எந்த வழியாகப் போகலாம், தோராயமாக எத்தனை மீட்டர் நீளம் வரும் என்று பார்க்க இவை உதவும். ஆனால் உயரத்திற்கு இவற்றை நம்ப வேண்டாம். பல மீட்டர் வித்தியாசம் வரலாம். 20 மீட்டரில் 5 மீட்டர் தவறினால் கால் பங்கு மின்சாரம் போய் விடும்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் லெவல் ட்யூப் போதும். உள்ளே தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி போன்ற நீளமான பிளாஸ்டிக் குழாய்தான் அது. இரண்டு பேர் வேண்டும். மேலே இருப்பவர் ட்யூபின் ஒரு முனையைத் தண்ணீர் எடுக்கப் போகும் இடத்தில் தரையோடு வைக்க வேண்டும். கீழே இறங்கியவர் மறு முனையை ஓர் அளவுகோல் கம்போடு சேர்த்துப் பிடித்து, தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று குறிக்க வேண்டும். பின் மேலே இருந்தவர் கம்பு நின்ற இடத்திற்கு இறங்கி வர, அடுத்த அளவு. இப்படியே மெஷின் வைக்கப் போகும் இடம் வரை இறங்குங்கள். ட்யூபினுள் காற்றுக் குமிழ் இருந்தால் அளவு தவறிவிடும். ஒவ்வொரு அளவையும் தனித் தனி செல்லில் டைப் செய்து, ஆட்டோ சம் கிளிக் செய்தால் மொத்த உயரம் வந்து விடும். மறுநாள் இன்னொரு முறை அளந்து, இரண்டும் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள்.

தண்ணீரை அளப்பது எப்படி?

ஓடை சிறியது என்றால், தண்ணீர் முழுவதும் ஒரே இடத்தில் விழுமாறு தகரமோ அரைக் குழாயோ வைத்துத் திருப்புங்கள். 20 லிட்டர் வாளியைக் கீழே வைத்து, நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 4 நொடி என்றால் நொடிக்கு 5 லிட்டர். ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள்.

வாளிக்கு அடங்காத ஓடை என்றால் பலகை முறை இருக்கிறது. ஒரு பலகையின் மேல் விளிம்பில், 90 டிகிரி கோணத்தில் முக்கோணமாக வெட்டுங்கள். 30 சென்டிமீட்டர் ஆழ வெட்டு போதும். பலகையை ஓடைக்குக் குறுக்கே நேராக நிறுத்தி, ஓரங்களில் களிமண் பூசினால், தண்ணீர் முழுவதும் அந்த வெட்டு வழியாகவே வழியும். பலகைக்கு ஒரு மீட்டர் பின்னால் ஒரு முளை அடித்து, அதன் தலையை முக்கோணத்தின் அடி முனைக்கு மட்டமாக வைத்துக் கொள்ளுங்கள். முளையின் தலைக்கு மேல் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அதை மீட்டர் கணக்கில் ஒரு செல்லில், பி1 என்று வைத்துக் கொள்வோம், டைப் செய்து, அடுத்த செல்லில் =1380*பி1^2.5 என்று கொடுத்தால், நொடிக்கு எத்தனை லிட்டர் என்று கிடைக்கும். இதற்கு வேறு ஒரு ஷீட்டைப் பயன்படுத்துங்கள்.

0.10 என்று கொடுத்துப் பாருங்கள். சுமார் 4.4 லிட்டர். 0.20 என்று கொடுங்கள். சுமார் 24.7 லிட்டர். தண்ணீரின் உயரம் இரண்டு மடங்கு ஆனால், அளவு ஐந்தரை மடங்குக்கும் மேல் ஆகிறது. ஓடையைக் கரையில் நின்று கண்ணால் பார்த்து மதிப்பிடுவது ஏன் ஏமாற்றும் என்று இப்போது தெரிகிறதல்லவா?

பன்னிரண்டு மாதக் கணக்கு

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். ஒரு நாள் அளந்தால் போதாது. வாரம் ஒரு முறை, ஒரு வருடம் முழுவதும் அளக்க வேண்டும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றால், கோடையின் கடைசியில், முதல் மழைக்கு முன், கட்டாயம் அளந்திருக்க வேண்டும். தோட்டத்தில் நீண்ட நாள் வேலை செய்யும் பெரியவர்களிடம், ஓடை எப்போதாவது வற்றியதா என்றும் கேளுங்கள்.

நண்பர் அதன் பிறகு ஒரு வருடம் அளந்தார். மாதச் சராசரி, நொடிக்கு லிட்டர் கணக்கில் இது: ஜனவரி 9, பிப்ரவரி 6, மார்ச் 4, ஏப்ரல் 3, மே 4, ஜூன் 18, ஜூலை 30, ஆகஸ்ட் 28, செப்டம்பர் 20, அக்டோபர் 22, நவம்பர் 16, டிசம்பர் 12.

இந்த எண்களை இரண்டாவது ஷீட்டில் மாதங்களுக்கு நேராக டைப் செய்து, அனைத்தையும் செலக்ட் செய்து, இன்சர்ட் மெனுவில் சார்ட் தேர்ந்தெடுத்து காலம் சார்ட் அமையுங்கள். பன்னிரண்டு தூண்கள் எழும்பும். இதில் 30 என்ற உயரத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அதைத் தொடுவது ஜூலை மட்டும்தான். நண்பர் வாங்கிய மெஷின் அந்த ஒரு மாதத்திற்கானது.

அடுத்து 6 என்ற உயரத்தில் கோடு போடுங்கள். ஒன்பது மாதங்கள் அந்தக் கோட்டைத் தொடுகின்றன அல்லது தாண்டுகின்றன. ஓடையில் எப்போதும் 1 லிட்டராவது விட்டு விட்டால், 5 லிட்டர் மெஷின் ஆண்டில் ஒன்பது மாதங்கள் முழு அளவில் ஓடும். மீதி மூன்று மாதங்களிலும் குறைந்த அளவில் ஓடும்.

குறைந்த அளவில் ஓடுமா என்பது மெஷினின் வகையைப் பொறுத்தது. நண்பர் வாங்கியது, சாதாரண சென்ட்ரிபியூகல் பம்பைத் தலைகீழாக இயக்கி மின்சாரம் எடுக்கும் வகை. விலை குறைவு, உதிரி பாகங்களும் எளிதில் கிடைக்கும். ஆனால் அதற்கென்று உள்ள அளவுத் தண்ணீர் வந்தால்தான் வேலை செய்யும். பாதிக்கும் கீழே போனால் ஏறக்குறைய ஒன்றும் தராது. பெல்டன் வகை டர்பைனில், சக்கரத்தின் ஓரத்தில் உள்ள கிண்ணங்களில் தண்ணீர் பீச்சி அடிக்கிறது. தண்ணீர் குறையும்போது சிறிய துளை உள்ள நாசிலை மாற்றிக் கொள்ளலாம். உயரம் அதிகமாகவும் தண்ணீர் குறைவாகவும் உள்ள இடத்திற்கு இது ஏற்றது. உயரம் குறைவு, தண்ணீர் அதிகம் என்றால் கிராஸ் ப்ளோ அல்லது புரொப்பெல்லர் வகை.

குழாயில் கை வைக்காதீர்கள்

செலவைக் குறைக்க எண்ணும் பலரும் முதலில் கை வைப்பது குழாயில். குழாயினுள் தண்ணீர் உரசிக் கொண்டு வருவதால், உயரத்தில் ஒரு பகுதி வீணாகிறது. 100 மீட்டர் நீளத்திற்கு 63 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில் நொடிக்கு 5 லிட்டர் அனுப்பினால், ஏறத்தாழ 6 மீட்டர் உயரம் உரசலிலேயே போய் விடுகிறது. அதே நீளத்திற்கு 90 மில்லிமீட்டர் குழாய் போட்டால் இழப்பு சுமார் 1 மீட்டர்தான்.

முதல் ஷீட்டிற்கு வாருங்கள். பி2ல் 6 என்று கொடுங்கள். 343 வாட். 1 என்று மாற்றுங்கள். 466 வாட். அதே ஓடை, அதே மெஷின். இந்த 123 வாட் வித்தியாசம் இரவும் பகலும், ஆண்டு முழுவதும் தொடரும். கடையில் இரண்டு குழாய்களுக்கும் விலை கேட்டு, இந்த எண்ணோடு ஒப்பிட்டு முடிவு செய்திடுங்கள்.

குழாயின் தலைப் பக்கத்தில் மூன்று விஷயங்கள் அவசியம். இலை, குச்சிகளைத் தடுக்கக் கம்பி வலை. மணல் அடியில் படிவதற்கு ஒரு சிறு தொட்டி. குழாயின் வாய் எப்போதும் நீருக்குள் நன்றாக மூழ்கி இருக்குமாறு இன்னொரு தொட்டி. காற்று உள்ளே போனால் வோல்டேஜ் ஆடும். மணல் போனால் டர்பைன் தேயும். கீழே உள்ள வால்வை ஒரேயடியாக மூடக் கூடாது. ஓடி வரும் தண்ணீர் திடீரென நிறுத்தப்பட்டால் அந்த அதிர்ச்சியில் குழாய் வெடிக்கலாம். மெதுவாக மூடுங்கள்.

கம்ப்யூட்டருக்கு ஆபத்து எங்கே?

இனி கம்ப்யூட்டர் வைத்திருப்போர் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய பகுதி. தண்ணீர் ஒரே அளவில் வந்து கொண்டிருக்கிறது. நீங்கள் கிரைண்டரை நிறுத்துகிறீர்கள். அது எடுத்துக் கொண்டிருந்த சக்தி எங்கே போகும்? டர்பைன் வேகமெடுக்கும். வோல்டேஜும் பிரீக்வென்சியும் எகிறும். அந்த நேரம் ஆனில் இருக்கும் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை, டிவி, பிரிட்ஜ் எல்லாம் பாதிக்கப்படலாம்.

இதற்குத் தீர்வு லோட் கண்ட்ரோலர் என்ற எலக்ட்ரானிக் சாதனம். வீட்டில் பயன்பாடு குறையும்போது, மிஞ்சும் மின்சாரத்தை ஒரு ஹீட்டருக்கு அனுப்பி விடும். எனவே டர்பைனுக்கு எப்போதும் ஒரே சுமை, ஒரே வேகம். அந்த ஹீட்டரை வெந்நீர்த் தொட்டியில் வைத்தால், குளிக்க வெந்நீர் இலவசம். ஆனால் அந்தத் தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும்.

சோலார் பேனலுக்கான சாதாரண சார்ஜ் கண்ட்ரோலரை இங்கு மாட்ட வேண்டாம். பேட்டரி நிறைந்தவுடன் அது இணைப்பைத் துண்டித்து விடும். பேனலுக்கு அதனால் தீங்கு இல்லை. டர்பைனோ சுமை இல்லாமல் தறிகெட்டுச் சுற்றத் தொடங்கும். மிஞ்சுவதை ஹீட்டருக்குத் திருப்பும் வகைதான் தேவை.

அடுத்து, 466 வாட்டில் வீடு நடக்குமா என்று பார்ப்போம். மூன்றாவது ஷீட்டில் உங்கள் சாதனங்கள், வாட், தினமும் எத்தனை மணி நேரம் என்று மூன்று வரிசைகள் அமைத்துப் பெருக்குங்கள். எடுத்துக்காட்டாக 9 வாட் எல்.இ.டி. பல்பு 6, ஐந்து மணி நேரம் என்றால் 270. டிவி 60 வாட், நான்கு மணி நேரம், 240. கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 150 வாட், நான்கு மணி நேரம், 600. இன்டர்நெட் மோடம் 10 வாட், நாள் முழுவதும், 240. பிரிட்ஜ் ஒரு நாளைக்கு 1000. மிக்ஸி 700 வாட், கால் மணி நேரம், 175. மொத்தம் 2525. அதாவது இரண்டரை யூனிட். நம் சிறிய மெஷின் தருவது 11 யூனிட். ஏப்ரலில் 2 லிட்டர் மட்டும் எடுத்தால் கூட, கிட்டத்தட்ட 196 வாட், நாளைக்கு 4.7 யூனிட் வருகிறது.

யூனிட் போதும், ஆனால் ஒரே நேரத்தில் தேவைப்படும் வாட் போதாது. 700 வாட் மிக்ஸி போட்டால் மெஷின் திணறும். எனவே நடுவில் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் பேட்டரிகள் இரண்டு இருந்தால் 3.6 யூனிட் சேமிக்கலாம். அதில் பாதியை மட்டும் பயன்படுத்தினால் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும். கம்ப்யூட்டர் இந்த இன்வெர்ட்டரில் இருந்து மின்சாரம் பெறட்டும். சைன் வேவ் வகை இன்வெர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள். டர்பைன் வேகத்தில் வரும் ஏற்ற இறக்கங்கள் கம்ப்யூட்டரைத் தொடாது.

பேட்டரி வீட்டில், மெஷின் ஓடைக் கரையில். நடுவில் 150 மீட்டர் ஒயர் என்று வைத்துக் கொள்வோம். மின்சாரத்தை 230 வோல்ட்டில் கொண்டு வந்தால் ஓடும் கரண்ட் சுமார் 2 ஆம்பியர். 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரில் 4 அல்லது 5 வோல்ட்தான் வீணாகும். 24 வோல்ட்டில் கொண்டு வர முயன்றால் 20 ஆம்பியர் ஓட வேண்டும். ஒயரில் மட்டும் 40 வோல்ட்டுக்கு மேல் தேவை. அதாவது வீட்டிற்கு ஒன்றும் வந்து சேராது. எனவே உயர் வோல்டேஜில் கொண்டு வந்து, வீட்டில் சார்ஜர் மூலம் பேட்டரிக்குக் கொடுங்கள். எர்த், மின்னல் தடுப்பு, கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கர் ஆகியவற்றை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மின் வாரிய இணைப்பும் இருந்தால், இந்த மின்சாரத்தை அனுமதி இல்லாமல் அதோடு ஒருபோதும் இணைக்க வேண்டாம். லைன் ஆஃப் செய்து கம்பத்தில் வேலை செய்பவரின் உயிருக்கு அது எமன்.

ஓடை உங்களுடையது மட்டும் அல்ல

நிலம் பட்டாவாக இருந்தாலும் ஓடை நீர் பொதுச் சொத்து. தண்ணீரைத் திருப்பும் முன் வருவாய்த் துறையிடமும், அருகில் வனப் பகுதி இருந்தால் வனத் துறையிடமும் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். நீங்கள் எடுக்கும் இடத்திற்கும் திருப்பி விடும் இடத்திற்கும் நடுவில் குடிநீர் எடுப்பவர் யாரேனும் இருக்கிறார்களா என்று நடந்து போய்ப் பாருங்கள். கோடையில் அவர்கள் குடம்தான் முதலில். அந்த 1 லிட்டரை விட்டு விடச் சொன்னது இதற்காகவும்தான்.

பல வீடுகள் சேர்ந்து ஒரே ஓடையைப் பயன்படுத்தினால் எப்படி இருக்கும் என்பதற்கு இலங்கை நல்ல எடுத்துக்காட்டு. அங்கு மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகள் பல, பொது மின்சாரம் வருவதற்கு முன்பே தங்கள் ஓடைகளில் சொந்தமாக மின்சாரம் எடுத்தன. லைன் வந்ததும் அவற்றில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. பின்னர் 1990களில் இருந்து, மின் கம்பம் எட்டாத மலைக் கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு நிலையங்கள் அமைந்தன. மின் பாவனையாளர் சங்கம் அமைத்து, மக்களே கால்வாய் வெட்டி, மாதச் சந்தா கட்டி நடத்தினார்கள். ஒரு வீட்டிற்குச் சுமார் 100 முதல் 250 வாட் வரைதான். ஒரு வீட்டில் ஹீட்டர் போட்டால் எல்லா வீட்டிலும் விளக்கு மங்கும். எனவே யார் எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்வது அங்கு மெஷினைப் போலவே முக்கியமாக இருந்தது. பொது லைன் வந்த பிறகு இவற்றிலும் பல நின்று போயின. உங்கள் பகுதிக்கு லைன் எப்போது வரும் என்பதையும் விசாரித்து விட்டுச் செலவு செய்திடுங்கள்.

நண்பரின் கம்ப்யூட்டர் என்ன ஆயிற்று?

ஒரு வருட அளவுகளை வைத்துக் கொண்டு, 5 லிட்டருக்கான சிறிய பெல்டன் செட் ஒன்றைப் பொருத்தினார். குழாயை 90 மில்லிமீட்டராக மாற்றினார். ஏப்ரலுக்கு ஒரு சிறிய நாசில் தனியாக வைத்திருக்கிறார். பழைய 3 கிலோவாட் மெஷின் ஷெட்டில் சாக்குப் போட்டு மூடி இருக்கிறது. அதை விற்று விடுங்கள் என்றேன். வாங்க வருபவரிடம் முதலில் ஓடையை அளந்தீர்களா என்று கேட்பதாகவும், கேட்டவுடன் யோசித்துச் சொல்கிறேன் என்று போய் விடுவதாகவும் சொன்னார்.

அவர் மகள் இப்போது மாலையில் மூன்று மணி நேரம் தொடர்ந்து கம்ப்யூட்டரில் உட்காருகிறாள். யு.பி.எஸ். அலறுவதில்லை. ஞாயிறு தோறும் வாளியோடு ஓடைக்குப் போய் அளந்து வந்து, ஒர்க் ஷீட்டில் பதிவதும் அவள் வேலைதான். அந்தப் பைலின் இன்னொரு காப்பியைப் பென் டிரைவில் வைக்கச் சொல்லி இருக்கிறேன். ஒரு வருட உழைப்பு அதில் இருக்கிறது. நீங்களும் உங்கள் பைலை அப்படியே பேக் அப் எடுத்து வையுங்கள்.